ஓசுவும் நோடாவும்: ஓர் இயக்குநரும் ஒரு திரைக்கதையாசிரியரும்

யசுஜிரோ ஓசு (1903–1963) ஜப்பானியத் திரைப்பட இயக்குநர். கோகோ நோடா (1893–1968) ஜப்பானியத் திரைக்கதையாசிரியர். 1949 முதல் 1962 வரை ஓசு இயக்கிய 13 படங்களுக்கும் இருவரும் சேர்ந்தே திரைக்கதை எழுதினர். அவற்றுள் 'டோக்கியோ மோனோகதாரி' (டோக்கியோ கதை, 1953) உலகெங்கும் அறியப்பட்டது. 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2012-இல் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அப்படம் முதலிடம் பெற்றது.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓசுவின் பெயரை மட்டுமே சொல்கின்றனர். தாழ்வான இடத்தில் வைக்கப்பட்ட கேமரா, அசையாத காட்சிச் சட்டகம், ஆளில்லாத அறைகளையும் தெருக்களையும் காட்டும் இடைக்காட்சிகள் ஆகியவை ஓசுவின் முத்திரைகள். ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் மனிதர்கள் என்ன பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதை முடிவு செய்தவர்கள் இருவர். அவர்களது கூட்டுழைப்பு எப்படி நடந்தது, எங்கே ஒத்துப்போனது, எங்கே முரண்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம்

ஓசு 1927-இல் ஷோச்சிக்கு நிறுவனத்துக்காகத் தம் முதல் படத்தை இயக்கினார். 'சங்கே நோ யாய்பா' என்ற அந்த மௌனப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் நோடா. அப்படத்தின் பிரதி இன்று இல்லை. நோடா ஓசுவைவிடப் பத்து வயது மூத்தவர். ஓசு இயக்குநராக அடியெடுத்து வைத்தபோதே அவர் எழுத்தாளராகத் தொழிலில் இருந்தார்.

தொடர்ந்து 'டோக்கியோ நோ கொராசு' (டோக்கியோ கூட்டிசை, 1931) உள்ளிட்ட சில மௌனப் படங்களில் இருவரும் இணைந்தனர். 1930களின் நடுப்பகுதியில் அந்தத் தொடர்பு நின்றுபோனது. ஓசு, அகிரா ஃபுஷிமி, தடாவோ இகேடா போன்ற பிற எழுத்தாளர்களுடன் பணியாற்றினார். 'ஜேம்ஸ் மாகி' என்ற புனைபெயரில் தாமே கதைகளும் எழுதினார். 'பிறந்தேன், ஆனால்' என்று பொருள்படும் 'உமாரேத்தெ வா மிதா கெரெதோ' (1932) ஃபுஷிமியின் திரைக்கதையில் உருவானது, இன்றும் போற்றப்படுவது. நோடாவோ பிற இயக்குநர்களுக்கு எழுதினார். 1938-இல் பெருவெற்றி பெற்ற 'ஐசென் கட்சுரா' என்ற காதல் படத்தின் திரைக்கதை அவருடையது.

ஆகவே, நோடா இல்லாமலும் ஓசு நல்ல படங்கள் எடுத்திருக்கிறார். ஓசு இல்லாமலும் நோடா வெற்றி பெற்றிருக்கிறார். ஒருவரை ஒருவர் தூக்கிவிட்ட கதையாக இவர்களது உறவைப் பார்ப்பது சரியாகாது. தொழில் கைவந்த இருவர், நடுவயது கடந்தபின் மீண்டும் சேர்ந்து எழுத ஏன் முடிவு செய்தனர் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

1948: ஒரு தோல்வியும் ஒரு கருத்தும்

போருக்குப் பின் ஓசு எடுத்த இரண்டாவது படம் 'கசே நோ நகா நோ மெண்டோரி' (காற்றில் ஒரு பெட்டைக்கோழி, 1948). இதன் திரைக்கதையை அவர் ரியோசுகே சைட்டோவுடன் எழுதினார். கணவன் போரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. குழந்தை நோயுறுகிறது. மருத்துவமனைக்குக் கட்டப் பணமில்லாத தாய் ஓர் இரவு தன் உடலை விற்கிறாள். திரும்பி வந்த கணவன் உண்மையை அறிந்து கொதிக்கிறான். அவன் தள்ளியதில் அவள் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுகிறாள்.

இந்தப் படம் நோடாவுக்குப் பிடிக்கவில்லை. அன்றைய சமூக நிலைமையை அப்படியே எடுத்துக் கையாண்ட விதம் தமக்கு ஏற்புடையதாக இல்லை என்பதை அவர் ஓசுவிடம் மறைக்கவில்லை. ஓசுவும் அதை ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் இப்படத்தைத் தம் தோல்விகளில் ஒன்றாகவே குறிப்பிட்டார். அடுத்த படத்தை எழுத அவர் நோடாவை நாடினார். அது 'பன்ஷுன்' (பின்வசந்தம், 1949). அதன்பின் தாம் இயக்கிய படங்களுக்கு ஓசு வேறு எவருடனும் திரைக்கதை எழுதவில்லை.

இந்நிகழ்ச்சி கவனத்துக்குரியது. 1948-இல் ஓசு இருபது ஆண்டு அனுபவமும் பெரும் மதிப்பும் உடைய இயக்குநர். அந்த நிலையில் உள்ள ஒருவரிடம் 'இது சரியாக வரவில்லை' என்று சொல்ல முன்வருவோர் சிலரே. சொன்னவரையே அழைத்து அடுத்த படத்தை எழுத உட்காருவோர் அவர்களைவிடக் குறைவு. இவர்களது கூட்டுழைப்பின் அடித்தளம் நட்பு என்று சொல்வது வழக்கம். அந்த நட்பு ஒரு கண்டனத்தைத் தாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எழுதும் முறை

இருவரும் வெவ்வேறு இடங்களில் எழுதி, பிறகு ஒன்றாகச் சேர்க்கவில்லை. ஒரே கூரையின்கீழ் தங்கி எழுதினர். தொடக்கத்தில் கடற்கரை ஊரான சிகசாக்கியில் உள்ள ஒரு விடுதி அவர்களது பணியிடம். 'டோக்கியோ மோனோகதாரி' அங்குதான் எழுதப்பட்டது. எழுதி முடிக்க 103 நாட்களும் 43 புட்டி சாக்கேயும் (அரிசி மது) ஆயின என்பது இப்படத்தைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. 1950களின் நடுப்பகுதிக்குப் பின் நகானோ மாவட்டத்து மலைப்பகுதியான ததேஷினாவில் நோடாவுக்கு இருந்த வீட்டில் எழுதினர்.

அவர்களது வேலை முறையில் மூன்று கூறுகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, நடிகர் யார் என்பது எழுதும் முன்பே முடிவாகிவிடும். யார் நடிக்கிறார் என்று தெரியாமல் ஒரு பாத்திரத்தை எழுத இயலாது என்பது ஓசுவின் கருத்து. தந்தை என்றால் சிஷூ ரியூ, மகள் என்றால் செட்சுகோ ஹரா, முகத்துக்கு நேரே பேசிவிடும் உறவுக்காரப் பெண் என்றால் ஹருகோ சுகிமுரா என்று குரலும் முகமும் காதில், கண்ணில் இருக்க வசனம் எழுதப்பட்டது.

இரண்டாவது, நீண்ட பேச்சு. நாள்கணக்கில் நடை, உணவு, மது, ஊர்க்கதை ஆகியவற்றுக்கிடையே பாத்திரங்களைப் பற்றிப் பேசிப் பேசியே கதை உருவானது. காட்சிகளைச் சிறு அட்டைகளில் குறித்து, அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதும் உண்டு.

மூன்றாவது, எழுதி முடித்தால் முடித்ததுதான். படப்பிடிப்பில் வசனத்தை மாற்றுவது அரிது. ஓசுவின் தளத்தில் நடிகர்கள் ஒரு சொல்லைக்கூடத் தம் விருப்பப்படி சேர்க்க முடியாது. அப்படிப் பார்த்தால் படத்தின் பெரும்பகுதி அந்த விடுதி அறையிலேயே முடிந்துவிட்டது.

எழும் நேரம், குடிக்கும் அளவு போன்றவற்றில்கூடத் தமக்கும் நோடாவுக்கும் பொருந்திப்போகும் என்று ஓசு சொல்லியிருக்கிறார். ஒரு வசனம் 'வா' என்று முடிய வேண்டுமா, 'யோ' என்று முடிய வேண்டுமா என்பதில்கூட இருவரும் ஒத்துப்போவர் என்றும் அவர் கூறினார். இவை ஜப்பானியப் பேச்சில் வாக்கிய இறுதியில் வரும் சிறு ஒட்டுகள். பொருளை மாற்றாமல் பேசுபவரின் மனநிலையை மட்டும் மாற்றுபவை. 'வா' என்பதற்கும் 'வாயேன்' என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அந்த ஓரசையை எண்ணிப் பார்த்து எழுதிய இருவர் என்பதே இவர்களைப் பற்றிய நல்ல அறிமுகம்.

தேவையற்ற பேச்சின் தேவை

ஓசு–நோடா வசனங்களை முதன்முறை கேட்பவர்க்கு அவை மிகச் சாதாரணமாகத் தோன்றும். வானிலை, உணவு, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, யாருக்கு எப்போது திருமணம் என்பவையே பேச்சு. இதை அவர்களே 'ஓஹாயோ' (காலை வணக்கம், 1959) என்ற நகைச்சுவைப் படத்தில் கருப்பொருளாக்கினர். தொலைக்காட்சிப் பெட்டி கேட்டு அடம்பிடிக்கும் சிறுவர்களைத் தந்தை வாயை மூடச் சொல்கிறார். பெரியவர்கள்தாம் காலை வணக்கம், நல்ல வானிலை என்று தேவையில்லாததையெல்லாம் பேசுகிறார்கள் என்று எதிர்த்துச் சொல்லிவிட்டு, மூத்தவனும் இளையவனும் பேசாநோன்பு தொடங்குகிறார்கள். அண்டைவீட்டாருக்குக்கூட அவர்கள் வணக்கம் சொல்வதில்லை. தெருவே அதற்குக் காரணம் தேடிக் குழம்புகிறது.

படத்தின் இறுதியில் ஒருவரை ஒருவர் விரும்பும் ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் ரயில் நடைமேடையில் நிற்கிறார்கள். இன்று நல்ல வானிலை என்கிறான் அவன். ஆமாம் என்கிறாள் அவள். மேகத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். காதலைப் பற்றி ஒரு சொல் இல்லை. சிறுவர்கள் பழித்த அதே தேவையற்ற பேச்சுதான் இங்கே இருவரையும் ஒருவர் அருகில் ஒருவர் நிற்க வைக்கிறது. முக்கியமானதை நேரே சொல்ல முடியாத மனிதர்களுக்கு வானிலையே மொழி. இவ்விருவரும் எழுதிய படங்களுக்கு இந்தக் காட்சி ஒரு விளக்கவுரை போன்றது.

சொல்லாமல் விடும் கலை

'பன்ஷுன்' படத்தில் மனைவியை இழந்த பேராசிரியரும் அவர் மகள் நோரிகோவும் வாழ்கின்றனர். தந்தையைத் தனியே விட மனமின்றி மகள் திருமணத்தைத் தவிர்க்கிறாள். தாமும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகத் தந்தை பொய் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கிறார். இக்கதையில் எவரும் எதிர்பார்க்கும் இரண்டு காட்சிகள் படத்தில் இல்லை: திருமணம் காட்டப்படவில்லை, மணமகன் ஒருமுறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. மகள் மணக்கோலத்தில் தந்தையிடம் விடைபெறுகிறாள். அடுத்து நாம் காண்பது வெறுமையான அறை. தாம் சொன்னது பொய் என்பதைத் தந்தை மகளின் தோழியிடம் ஒப்புக்கொள்கிறார்; வீட்டுக்கு வந்து தனியே ஆப்பிள் தோல் சீவுகிறார்; தோல் கீழே விழுகிறது; தலை தாழ்கிறது. பார்வையாளர் மணமகனைக் காணாததால், இது யாருடைய கதை என்பதில் குழப்பம் வருவதில்லை.

'பகுஷு' (முன்கோடை, 1951) இதைவிடத் துணிச்சலானது. அதிலும் ஹரா ஏற்ற பாத்திரத்தின் பெயர் நோரிகோதான். வீட்டார் அவளுக்கு வசதியான இடத்தில் வரன் பார்க்கின்றனர். அண்டைவீட்டு மருத்துவர் மனைவியை இழந்தவர்; ஒரு குழந்தையின் தந்தை; தொலைதூர ஊருக்கு மாற்றலாகிச் செல்லவிருக்கிறார். விடைபெறச் சென்ற நோரிகோவிடம் அவரது தாய், கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தயங்கியபடி, உன்னைப் போன்ற ஒருத்தி மருமகளாக வாய்த்திருந்தால் என்று ஏங்கியதைச் சொல்கிறாள். நோரிகோ உடனே சம்மதிக்கிறாள். வாழ்க்கை திரும்பும் அந்த நொடியில் தாய் மகிழ்ச்சியில் தடுமாறி, இனிப்புப் பயறு வைத்த 'அன்பன்' ரொட்டி சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள். பெரிய மகிழ்ச்சியைத் தாங்க முடியாத ஏழைத் தாய்க்குக் கையில் உள்ளதைக் கொடுக்கத்தான் தோன்றும். இந்த ரொட்டியைக் கண்டுபிடித்தவர் ஓசுவா நோடாவா என்று கேட்டுப் பயனில்லை. நூறு நாள் ஒரே வீட்டில் பேசினால் மட்டுமே கிடைக்கக்கூடிய விவரம் அது.

ஓர் அமெரிக்கப் படமும் 'டோக்கியோ மோனோகதாரி'யும்

லியோ மெக்கேரி இயக்கிய 'மேக் வே ஃபார் டுமாரோ' (1937) என்ற அமெரிக்கப் படத்தில், வீட்டை வங்கியிடம் இழந்த முதிய தம்பதியரைப் பிள்ளைகள் ஆளுக்கொருவராகப் பிரித்து வைத்துக்கொள்கின்றனர். இந்தப் படத்தை நோடா பார்த்திருந்தார்; ஓசு பார்த்ததில்லை. 'டோக்கியோ மோனோகதாரி'யின் விதை இங்கிருந்து வந்தது. ஒருவர் பார்த்ததை மற்றவர் கேட்டு, இருவருமாக வேறொன்றாக மாற்றியதில்தான் கூட்டுழைப்பின் பயன் தெரிகிறது.

ஜப்பானியப் படத்தில் வங்கியும் இல்லை, கட்டாயப் பிரிவும் இல்லை. ஒனோமிச்சி ஊரிலிருந்து டோக்கியோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்க வரும் முதியவர்கள் சுகிச்சியும் தோமியும். மூத்த மகன் மருத்துவன். நோயாளி அழைத்தால் போக வேண்டும். மகள் ஷிகே அழகுநிலையம் நடத்துகிறாள். கடையை விட்டு நகர முடியாது. பெற்றோரை அத்தாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல். போரில் இறந்த மகன் ஷோஜியின் மனைவி நோரிகோ மட்டுமே விடுப்பு எடுத்து அவர்களுடன் ஊர் சுற்றுகிறாள். ஊர் திரும்பியதும் தோமி இறக்கிறாள்.

பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர் என்பதே இத்திரைக்கதையின் வலிமை. ஷிகே, தாயை அடக்கம் செய்த அன்றே அவளது உடைகளை நினைவாகக் கேட்கிறாள். அதே ஷிகே தாயின் படுக்கையருகே மனமுடைந்து அழுதவளும்தான். எழுத்தாளர்கள் அவளை மன்னிக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. கடைசி மகள் கியோகோ பள்ளி ஆசிரியை. அண்ணன், அக்காவின் தன்னலம் கண்டு கொதிக்கிறாள். வளர்ந்த பிள்ளைகளுக்கு அவரவர் வாழ்க்கை வந்துவிடும், தானும் அப்படி ஆகக்கூடும் என்று நோரிகோ சொல்கிறாள். வாழ்க்கை ஏமாற்றமளிப்பதுதானா என்று கியோகோ கேட்கும்போது நோரிகோ புன்னகையோடு ஆமாம் என்கிறாள்.

படம் நோரிகோவையும் தெய்வமாக்கவில்லை. மாமனார் அவளது நற்குணத்தைப் புகழும்போது, தான் அவ்வளவு நல்லவள் அல்லள், கணவனை நினைக்காத நாட்களும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாள். முதியவர் அதைக் குற்றமாகக் கொள்ளாமல், மறுமணம் செய்துகொள்ளச் சொல்லி, மனைவியின் கடிகாரத்தை அவளிடம் கொடுக்கிறார். பெற்ற பிள்ளைகளைவிட மருமகளே அதிகம் செய்தாள் என்ற நன்றி அங்கே சொல்லப்படுகிறது.

முரண்பாடு: 'டோக்கியோ போஷோகு'

ஒத்துப்போவதே இவர்களது இயல்பு என்று எண்ணுவோர் 'டோக்கியோ போஷோகு' (டோக்கியோ அந்தி, 1957) படத்தைக் காண வேண்டும். குழந்தைகளை விட்டுச் சென்ற தாய், கருவுற்றுக் கைவிடப்பட்ட இளைய மகள், கருக்கலைப்பு, ரயிலில் அடிபட்டு மரணம் என்று ஓசுவின் பிற்காலப் படங்களிலேயே இருண்டது இதுதான். இந்தக் கதையை இவ்வளவு கடுமையாகச் சொல்வதில் நோடாவுக்கு உடன்பாடு இல்லை. ஓசு தம் வழியில் சென்றார். படம் வெளிவந்தபோது விமர்சகர்களின் வரவேற்பும் கிட்டவில்லை. 'கினேமா ஜும்போ' இதழின் அவ்வாண்டுச் சிறந்த பத்துப் படங்களில் அதற்கு இடமில்லை.

இன்று இப்படத்தின் மதிப்பு உயர்ந்திருக்கிறது. தாயாக நடித்த இசுசு யமாடாவின் நடிப்பும், பனிக்கால இரவுகளின் தனிமையும் பலரைக் கவர்கின்றன. ஆகவே நோடா சொன்னதே சரி என்று முடித்துவிட முடியாது. நோடாவின் அடக்கம் சில வேளைகளில் ஓசுவிடம் இருந்த ஒரு கடுமையைத் தடுத்திருக்கவும் கூடும். 1948-இல் சரியாக இருந்த ஓர் அறிவுரை 1957-இல் முழுதும் சரியாக இல்லாமல் போயிருக்கலாம். இந்த வேறுபாட்டுக்குப் பின்னும் இருவரும் பிரியவில்லை. அடுத்த ஆண்டே 'ஹிகான்பனா' (1958) என்ற, ஒளியும் நகைச்சுவையும் நிறைந்த படத்தைச் சேர்ந்து எழுதினர்.

குறைகள்

ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டு அவர்கள் காலத்திலேயே உண்டு. 'அகிபியோரி' (1960), 'பன்ஷுன்' கதையைத் தாய்–மகள் கதையாக மாற்றியது. முன்பு மகளாக நடித்த ஹரா இதில் தாய். 'சம்மா நோ அஜி' (1962) மீண்டும் தந்தை–மகள் கதை. மாணவர் இயக்கங்களும் தெருப் போராட்டங்களும் நிறைந்த 1960-இன் ஜப்பான் இப்படங்களில் இல்லை. யோஷிஷிகே யோஷிதா போன்ற இளம் இயக்குநர்கள் ஓசுவை வெளிப்படையாகக் குறை கூறினர். அதே யோஷிதா பின்னாளில் ஓசுவைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பெண்ணுக்குத் திருமணமே முடிவு என்ற எண்ணத்தை இப்படங்கள் நேராக எதிர்த்ததில்லை. ஆனால் திரும்பச் சொன்னதால் கிடைத்த பயனும் உண்டு. மகள் மணமாகிச் செல்வதை 1949-இல் இழப்பாகவும், 1951-இல் அவளது சொந்தத் தேர்வாகவும், 1962-இல் தந்தையின் முதுமையாகவும் பார்க்க முடிந்தது. போரும் இப்படங்களிலிருந்து மறையவில்லை. 'டோக்கியோ மோனோகதாரி'யில் ஷோஜியின் புகைப்படமாக அது அறையில் இருக்கிறது.

இறுதி ஆண்டுகள்

ஓசு மணம் செய்துகொள்ளவில்லை, தாயுடன் வாழ்ந்தார். 1962-இல் தாய் மறைந்தார். மகளை அனுப்பிவிட்டுத் தனியே சமையலறையில் அமரும் முதியவரைக் காட்டும் 'சம்மா நோ அஜி' அவ்வாண்டு வெளிவந்தது. அடுத்து 'டைகோன் தோ நின்ஜின்' (முள்ளங்கியும் கேரட்டும்) என்ற படத்தை இருவரும் திட்டமிட்டனர். அதற்குள் ஓசு புற்றுநோய்க்கு ஆளானார். 1963 டிசம்பர் 12, தம் அறுபதாம் பிறந்தநாளன்று இறந்தார். அந்தத் தலைப்பில் மினோரு ஷிபுயா 1965-இல் ஒரு படம் இயக்கினார். அது ஓசுவும் நோடாவும் எழுதியிருக்கக்கூடிய படம் அன்று. நோடா 1968-இல் காலமானார்.

மதிப்பீடு

தமிழ்த் திரைப்படங்களில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என நான்கும் ஒரே பெயரில் வருவதைக் கண்டு பழகிய மாணவர்க்கு, இவர்களது பணி ஒரு மாற்று எடுத்துக்காட்டு. கேமராவை எங்கே வைப்பது, காட்சியை எப்போது வெட்டுவது என்பவற்றில் ஓசுவுக்கு இணை இல்லை. அதில் நோடாவுக்குப் பங்கு கோருவது மிகையாகும். ஆனால் அந்தக் கேமராவின் முன் அமரும் மனிதர்கள் எவரையும் பழிக்காமல், எதையும் உரக்கச் சொல்லாமல் பேசுவதற்கு இருவரும் பொறுப்பு. 1948-இன் 'கசே நோ நகா நோ மெண்டோரி'யையும் 1949-இன் 'பன்ஷுன்' படத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்க்கு, ஒரே இயக்குநரிடம் ஓராண்டில் நேர்ந்த மாற்றம் தெரியும். முதல் படத்தில் வேதனை மாடிப்படியில் உருண்டு விழுகிறது. இரண்டாம் படத்தில் அது ஆப்பிள் தோலாகச் சத்தமின்றிக் கீழே விழுகிறது. அந்த மாற்றத்தில் நோடாவின் பங்கு எவ்வளவு என்பதை அளந்து சொல்ல இயலாது. பங்கு உண்டு என்பதை மறுக்கவும் இயலாது.